துடைப்பக் கோடுகள்

தகரப் பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. பக்கத்து மேசை டெரன்ஸ் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டான். யசோதரா பொத்தவில்லை. சாகப்போகிற பிலிம் அப்படித்தான் நாறும். ஐந்து வருஷமாக இதை மோந்துதான் அவள் சம்பளம் வாங்குகிறாள். இதில் மூஞ்சி சுளிக்க என்ன இருக்கிறது.

மூடியின் உள்பக்கம் மக்கிப்போன ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘மணல்மேட்டு மாப்பிள்ளை. பாட்டும் கும்பல் காட்சியும். அல்லித்தாங்கல். 1982.’

ஊர்ப் பெயரை இரண்டு தடவை படித்தாள். அல்லித்தாங்கல் ஏரிக்கரையில்தான் அவள் வீடு இருந்தது. அவள் வீட்டோடு சேர்த்து இருநூற்றுப் பத்து வீடுகள். எல்லாக் கதவிலும் போன வாரம் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஏரி மீட்பு. ஒரு மாதம் கெடு.

இது நடந்தது இரண்டாயிரத்து நாற்பத்து நாலில். அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே பத்திரம், பட்டா, போட்டோ, வீடியோ எல்லாம் செல்லாக்காசாகிவிட்டிருந்தன. செத்துப்போன தாத்தா உயிரோடு வந்து இது என் நிலம்தான் என்று சொல்கிற மாதிரி யார் வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டரில் செய்துவிடலாம் என்றானபின், எந்தக் கோர்ட் எதை நம்பும்? கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. பழைய பிலிம். அதில் வெளிச்சம் பட்டு ரசாயனத் துகள்கள் படிந்த வரிசையைப் போலியாக எவனாலும் அடுக்க முடியவில்லை. ஆகவே சட்டம் வந்தது. ஒரு நிலத்தில் முன்னாளில் யார் இருந்தார்கள் என்பதற்குப் பிலிம்தான் சாட்சி.

அப்புறம் பார்க்க வேண்டுமே. மூன்று நாள் ஓடிப் பெட்டிக்குள் போன படத்தையெல்லாம் தேடி ஆட்கள் அலைந்தார்கள். பெரிய பங்களாக்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டு மாடிப்படியில் இறங்கிவராத கதாநாயகி உண்டா? எஸ்டேட்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள், அவர்கள் சரிவில் உருளாத டூயட் உண்டா? மாட்டிக்கொண்டது குடிசைக்காரர்கள்தான். எழுபது எண்பது வருஷப் படங்களில் குடிசை வராமலில்லை. ஆனால் வந்த குடிசையெல்லாம் ஸ்டூடியோவுக்குள் போட்ட செட். நிஜக் குடிசைக்கு முன்னால் போய்க் காமிராவை வைக்க எவனுக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் அந்தப் பெட்டி யசோதராவுக்குப் புதையலாகத் தெரிந்தது.

சுருளின் நுனியைக் கவனமாக இரண்டு விரலால் இழுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். ஐந்து ஃப்ரேம். ஏரிக்கரை, இரட்டைப் பனை, செங்கல் பம்ப் ஹவுஸ். பம்ப் ஹவுஸ் இன்றைக்கும் இருக்கிறது. அவள் தெரு அங்கேதான் முடிகிறது. இன்னும் கொஞ்சம் இழுத்ததில் ஒரு ஃப்ரேம் பொடிந்து மேசையில் உதிர்ந்தது.

“இழுக்காத,” என்றான் டெரன்ஸ். “இது ஒரு ஓட்டம்தான் தாங்கும்.”

அவன் சொல்ல வேண்டியதே இல்லை. அவர்கள் வேலை பார்த்த பிலிம் வாசிப்பு மையத்திலிருந்த எந்திரத்துக்கு எல்லோரும் சாட்சி என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது பிலிமைத் துகள் துகளாக உரித்து, நிழலை வைத்து நேரத்தையும், காமிரா நகர்ந்ததை வைத்து நீள அகலத்தையும் கணக்குப் போட்டு, அந்த நாளின் அந்த இடத்தை அப்படியே கண்முன் கட்டி நிறுத்தும். உரித்தபின் பிலிம் இருக்காது. அது கட்டிய காட்சியும் சொன்ன முடிவும் மட்டும் கோப்பில் நிற்கும். பழைய படங்களை மீண்டும் கண்டெடுக்கிறோம் என்று பேப்பரில் எழுதிக்கொண்டார்கள். கண்டெடுத்துக் கரைத்தார்கள் என்பதுதான் நிஜம்.

சொந்த ஊர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், வாசிப்பை அவனே செய்கிறான் என்று டெரன்ஸ் சொன்னான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “உங்க ஏரியாவுல அந்த ஷூட்டிங்க பாத்தவங்க யாராச்சும் இருந்தா, முதல்ல அவங்ககிட்ட உக்காந்து பேசு. குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது,” என்றான்.

சரி என்றாள். உட்கார்ந்து பேசத்தான் இல்லை.

அன்று சாயங்காலம் ஏரிக்கரைக் குடியிருப்போர் சங்கத்துக் கொட்டகையில் அறுபது எழுபது பேர் கூடிவிட்டார்கள். யசோதராவின் அப்பா கோதண்டம் அந்தக் கரையில் பாதி வீட்டுக்குக் குழாய் போட்டவர். சங்கச் செயலாளரும் அவர்தான். மகள் பேசப்போகிறாள் என்றதும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அந்தக் கரையில் காலேஜ் படித்து முடித்த முதல் பெண் அவள். அந்தப் பெருமையை அவர் இன்னும் செலவழித்து முடிக்கவில்லை.

எண்பத்தைந்துக்கு முன்னாலிருந்தே குடியிருந்தவர்களை அசைக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது, எண்பத்திரண்டில் எடுத்த படமே கிடைத்துவிட்டது, சாட்சி ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிட்டால் கலெக்டரே வந்தாலும் ஒரு செங்கல்லைத் தொட முடியாது என்று அவள் விளக்கினாள். கைதட்டினார்கள்.

“அந்த மிசினு தப்பா சொல்லிச்சின்னா இன்னாம்மா பண்றது?” என்று ஒருவர் கேட்டார்.

“மனுசன்தான் தப்பா சொல்லுவான். அது இருக்கறதச் சொல்லும்.”

கூட்டத்தின் ஓரத்தில் அவளுடைய அத்தை தனபாக்கியம் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். கோதண்டத்துக்கு அக்கா. வயது எழுபது. அந்த ஷூட்டிங்கின்போது எட்டு வயதுப் பெண். அவளோடு சேர்ந்து அதைப் பார்த்தவர்களில் ஏழெட்டுப் பேர்தான் மிச்சம், அதிலும் பாதிக்கு நினைவு தப்பிவிட்டது. தனபாக்கியத்துக்கு எல்லாம் ஞாபகமிருந்தது. ஜிகினாப் பாவாடை கொடுத்ததும், முகத்தில் ரோஸ் பவுடர் அப்பினதும், கதாநாயகன் கன்னத்தைக் கிள்ளினதும் என்று ஆரம்பித்தாள். ஜனங்கள் சிரித்தார்கள். கிள்ளினது எந்தக் கன்னம் அக்கா என்று ஒருத்தன் கேட்டான்.

யசோதராவுக்கு எரிச்சல் வந்தது. நாளைக்குள் மனு எழுத வேண்டும்.

“அதெல்லாம் அப்புறம் அத்தை. நான் கேக்கறதுக்கு மட்டும் சொல்லு. ஷூட்டிங் நடந்துச்சா?”

“நடந்துச்சி.”

“அப்ப நம்ம ஜனம் இங்க இருந்துச்சா?”

“நாங்க இல்லாம? ஆனா அதுல இன்னான்னா...”

“போதும். அவ்ளோதான் வேணும்.”

தனபாக்கியம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் உட்கார்ந்துகொண்டாள். படித்த பெண் போதும் என்றால் போதும்தான்.

பத்து நாள் கழித்து நில விசாரணை மன்றத்தில் வாசிப்பு நடந்தது. ஹால் நிறைய அல்லித்தாங்கல் ஜனம். பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். டெரன்ஸ் சுருளைச் சாட்சிக்குள் ஏற்றிவிட்டு யசோதராவைப் பார்த்துத் தலையசைத்தான். விளக்கணைத்தார்கள். காடி நாற்றம் எழுந்தது.

ஹாலின் நடுவில் ஏரி வந்தது. தண்ணீர் அப்படியொரு நீலம். ஏரியில் அவ்வளவு தண்ணீரை இந்தத் தலைமுறை பார்த்ததில்லை. ஜனங்கள் ஆவென்று மூச்சுவிட்டார்கள். பிறகு கரை. இரட்டைப் பனை. பம்ப் ஹவுஸ். கூலிங் கிளாஸ் போட்ட கதாநாயகன் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தான்.

பம்ப் ஹவுஸுக்கு இந்தப் பக்கம் மணல். அதற்கு இந்தப் பக்கமும் மணல். நடுவில் பத்திருபது பூந்தொட்டிகள். சுத்தமான, வெயில் அடிக்கிற, ஒரு குச்சி நட்டிராத மணல்.

காமிரா நகர நகர இப்போது வரும், இப்போது வரும் என்று யசோதரா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். கரையின் கடைசிவரை வந்துவிட்டது. வரவில்லை. பிறகு அதே மணலில் திருவிழாக் கும்பல் ஒன்று ஜிகினா உடையில் ஆடியது. அதுவும் முடிந்தது.

சாட்சியின் முடிவைத் திரையில் போட்டார்கள். ‘நிலம்: வெற்று நிலம். குடியிருப்பு: இல்லை.’

பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. கோதண்டம் மகளைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. நீ ஏதோ அடுத்து வைத்திருப்பாய் இல்லையா என்கிற மாதிரி பார்த்தார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தையின் முன்னால் போய் நின்றாள்.

“நீங்க இருந்தோம்னுதானே சொன்ன? எங்க இருந்தீங்க?”

“இங்கதான்டி இருந்தோம்.” தனபாக்கியம் முறத்தைக் கீழே வைத்தாள். “கம்பெனி மேனேஜர் ஒருத்தன் வந்தான். டைரக்டருக்குக் கரை மொட்டையா வோணுமாம். நாலு நாளு நவுந்துக்கோங்க, மூணு வேளையும் சோறு போடறோம், எல்லாரையும் படத்துல காட்றோம்னு சொன்னான். அப்ப இன்னா, அறுவது குடிசைதான். ஓலத் தட்டியும் மூங்கிலும். ஒரே நாளுல நாங்களே பிரிச்சோம். காமிராக்குப் பின்னால கொண்டாந்து அடுக்கிட்டோம்.”

“நீங்களேவா?”

“பின்ன? எங்கப்பாதான் மொதல்ல ஏறிப் பிரிச்சாரு. யாரு வூடு சீக்கிரம் பிரியுதுன்னு போட்டி வேற. ஊருக்கே திருநாளு மாதிரி இருந்துச்சி. பிரிச்ச எடத்த பெருக்கி வுட்டுட்டுதான் வந்தோம். நாலு பெரிய மனுசன் வந்து நிக்கற எடம், குப்பையா வுட்டா நம்மளத்தான் கேவலமா பேசுவான்.”

யசோதரா சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். சொந்த வீட்டைச் சொந்தக் கையால் பிரித்துக் கொடுத்துவிட்டு, எதிரில் நின்று வேடிக்கை பார்த்துக் கைதட்டியிருக்கிறார்கள். கோபம் யார்மேல் என்று தெரியாமல் கத்தினாள். “இத ஏன் அன்னிக்கே சொல்லல?”

“நீ எங்கடி கேட்ட?”

டெரன்ஸ் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. இருக்கட்டும். அவமானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கெடு முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. வாசித்து முடித்த படத்தின்மேல் ஒவ்வொரு தரப்பும் சாட்சியிடம் ஒரே ஒரு மறுகேள்வி கேட்கலாம். கேள்வியை எழுத அவள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். வழி டெரன்ஸிடமிருந்து வந்தது. கதாநாயகன் கூலிங் கிளாஸ் போட்டிருக்கிறான், காமிராவைப் பார்த்து ஓடிவருகிறான். அப்படியென்றால் காமிராவுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் அந்தக் கண்ணாடியில் விழுந்திருக்கும். நமக்குக் கடுகு மாதிரித் தெரியும், சாட்சிக்கு அது போதும் என்றான்.

‘கதாநாயகனின் கண்ணாடியில் தெரிவோர் யார்?’

மறுபடியும் ஹால். இந்த முறை புடவை மாற்றி வரும் தெம்பு யாருக்கும் இல்லை. ஆனால் கண்ணாடியின் வலது வட்டம் பெரிதாகிக்கொண்டே போனபோது ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கரண்டியின் முதுகில் தெரிகிற மாதிரி வளைந்த ஓர் ஊர் அதற்குள் இருந்தது. அடுக்கிய ஓலைகள். கட்டுக்கட்டாய் மூங்கில். சட்டி பானைகள். இரண்டு கழிக்கு நடுவில் தொங்குகிற தூளி. அதன் முன்னால் ஜனம், குந்தியும் நின்றும், அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு.

தனபாக்கியம் இரண்டு கையாலும் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கப்பா,” என்றாள். வேறு யாருக்கும் அல்ல, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. “இவ்ளோ ஒல்லியாவா இருந்தாரு.”

அவரைப் போட்டோ எடுத்து வைக்க அந்தக் குடும்பத்துக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. அவருடைய முகத்தைக் கோதண்டம் மறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. குழாய்க்காரர் அழுவதை யசோதரா அன்றுதான் பார்த்தாள். மன்றத் தலைவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நடந்துவிடும் என்றே தோன்றியது.

சாட்சி பதினொரு நிமிஷம் யோசித்தது.

‘தெரிவோர் நூற்று எண்பத்து மூவர். இவர்களில் நூற்று நாற்பது பேரின் முகம் இதே சுருளின் கும்பல் காட்சியில் வேட உடையில் பதிவாகியுள்ளது. முடிவு: தெரிவோர் நடிகர்கள். ஓலை, மூங்கில், பாத்திரம்: அரங்கப் பொருள்கள்.’

யாருக்கும் உடனே புரியவில்லை. யசோதராவுக்குத்தான் முதலில் புரிந்தது. ஜிகினாப் பாவாடை. ரோஸ் பவுடர். படத்தில் காட்டுகிறேன் என்று சொன்னவன் சொன்னபடி காட்டியிருக்கிறான். வேஷம் கட்டிய முகமும் குந்தியிருக்கும் முகமும் ஒன்றென்றால் எந்திரம் வேறென்ன சொல்லும்? தூளியில் கிடந்த குழந்தைகூட அதன் கணக்கில் ஷூட்டிங்குக்குக் கொண்டுவந்த சாமான்தான்.

தலைவர் வருத்தமாகத்தான் தீர்ப்பைப் படித்தார். ஏரிக்கரையை எண்பத்திரண்டில் இருந்த நிலைக்கு மீட்டெடுக்க வேண்டும். பூச்செடிகள் உட்பட.

வெளியே வந்ததும் தனபாக்கியம் அவள் கையைப் பிடித்துக் கேட்டாள். “நாங்க நடிச்சவங்கன்னா, நாங்க எந்த ஊருன்னு சொல்லிச்சி அது?”

“சொல்லல அத்தை.”

“கேளேன்.”

“ஒரு கேள்விதான். தீர்ந்துபோச்சு.”

மறுநாள் யசோதரா வேலைக்குப் போனாள். பத்து நாள் லீவு எடுத்துக்கொள் என்று பிரிவுத் தலைவி ஹேமலதா மேடம் நிஜமான பரிவோடு சொன்னார். வேண்டாமென்றுவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சாமான் கட்டுவதைப் பார்ப்பதற்கு இது மேல்.

அன்றைக்கு வந்த பெட்டி எங்கோ ஓர் ஆற்றங்கரை. நுனியை வெளிச்சத்தில் பிடித்தாள். மேடு, ஒரு வேப்பமரம், வெற்று மண். வழக்கமாக அங்கேயே முடித்துவிட்டு எந்திரத்தில் ஏற்றியிருப்பாள். இன்றைக்குக் கண் மண்ணைவிட்டு நகர மறுத்தது.

மண்ணில் கோடுகள் இருந்தன. பாதி நிலா மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக.

துடைப்பக் கோடுகள்.

ஷூட்டிங் நடக்கிற இடத்தைக் கம்பெனி ஆட்கள் பெருக்குவார்கள்தான். ஆனால் கூலிக்குப் பெருக்குகிறவன் ஒரு பக்கம் ஆரம்பித்து ஒரே திசையில் போவான். இது அப்படியில்லை. பத்தடிக்கு ஒரு தரம் கோடு திசை மாறியது. நடுநடுவே சதுரம் சதுரமாக, சாணி மெழுகி மெழுகி இறுகிய தரை. ஒவ்வொரு சதுரத்தையும் சுற்றி ஒருத்தி பெருக்கியிருக்கிறாள், தன் எல்லைவரை வந்து நின்றிருக்கிறாள். அங்கிருந்து அடுத்த வீட்டுக்காரி, அவள் கைப்பழக்கத்தில்.

யசோதரா சுருளை வைத்துவிட்டு அல்லித்தாங்கல் கோப்பைத் திறந்தாள். பெரிதாக்கினாள். அறுபது சதுரம். அறுபது பேர் அறுபது விதமாகப் பெருக்கியிருந்தார்கள். சாட்சிக்குச் சுவர் தெரியும், கூரை தெரியும், முகம் தெரியும். துடைப்பம் தெரியாது. அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதற்கப்புறம் செய்ததை அவள் செய்யாமலே இருந்திருக்கலாம். ஐந்து வருஷத்தில் தான் வாசித்து ‘வெற்று நிலம்’ என்று வந்த கோப்புகளை வரிசையாக எடுத்தாள். நாற்பத்து மூன்று. உப்பளத்து ஓரம், பாறைச் சரிவு, ஒரு கடற்கரைச் சவுக்குத் தோப்பு. சிலவற்றில் யூனிட் ஆட்களின் செருப்புத்தடம் எல்லாவற்றையும் மிதித்துவிட்டிருந்தது. சிலவற்றை எப்படியும் சொல்லலாம். பத்தொன்பதில் சந்தேகமே இல்லை. பத்தொன்பது இடங்களில் பெண்கள் குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தைச் சுத்தமாகப் பெருக்கிக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ‘பார்த்தேன், மறுப்பில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. யசோதரா, வாசிப்பாளர், மூன்றாம் நிலை. அழகான கையெழுத்து. ஸ்கூலில் பரிசு வாங்கியது.

அந்த இடங்களிலிருந்து போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எந்தக் கோப்பிலும் இல்லை.

எட்டுப் பக்கத்துக்குக் குறிப்பு எழுதினாள். கோடு எப்படித் திரும்புகிறது, சதுரத்தை எப்படி அடையாளம் காண்பது, சாட்சிக்கு எதைக் கற்றுத்தர வேண்டும், எல்லாம். படம் போட்டு விளக்கினாள். ஹேமலதா மேடம் கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் படித்தார். நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடித்தார்.

“ரொம்பத் தெளிவா எழுதியிருக்கே. இதை இவ்வளவு நாள் யாருமே கவனிக்கல.”

“அந்தப் பத்தொன்பதையும் திறக்கணும் மேடம். எங்களோடதையும்.”

“முடிஞ்ச கேஸ்ல மறுகேள்வி கிடையாதும்மா. உனக்கே தெரியும்.” கையெழுத்துப் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கமாக வைத்தார். “தவிர, ஒவ்வொண்ணுலயும் நீதான் மறுப்பில்லைன்னு போட்டிருக்கே. நான் சொல்றது உனக்கு நல்லதுக்குத்தான்.” எட்டுப் பக்கத்தையும் அடுக்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு, “குறிப்பை மேலே அனுப்பறேன். இனிமே வர்றதுக்காவது உதவும்,” என்றார்.

இனிமேல் வருவது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வீட்டுக்கு வந்தாள். காலி செய்த நிலத்தை ஏரி மீட்புத் துறைக்காரர்கள் கடைசியாக ஒரு தடவை பிலிமில் எடுத்து வைப்பது வழக்கம். நூறு வருஷம் கழித்து யாராவது கேட்டால் அதுதான் சாட்சி. அப்படியென்றால் அதில் எழுதி வைத்துவிடலாம். வீடு வீடாகப் போனாள். ஏன் எதற்கு என்று இந்தத் தடவை உட்கார்ந்து சொன்னாள். கேட்டவர்களின் பேச்சையும் கேட்டாள். லாரியில் சாமானை ஏற்றியதும், புல்டோசர் இடித்து அள்ளியதும், ஒவ்வொருத்தியும் தன் வீடு இருந்த இடத்தைத் தன் எல்லைவரை பெருக்க வேண்டும். அவரவர் கைவாகில். ஒருத்தி இடத்தை இன்னொருத்தி தொடக் கூடாது.

“இதுக்கு எதுக்குடி எங்களுக்கு டிரெய்னிங்கு,” என்றாள் தனபாக்கியம்.

கெடு முடிந்த அன்று மத்தியானம் மூன்று மணிக்கு இருநூற்றுப் பத்துப் பெண்கள் வரிசை வரிசையாகக் குனிந்திருந்தார்கள். செங்கல் தூளும் மண்ணும் கலந்த தரையில் கோடுகள் விழுந்துகொண்டே போயின. புருஷர்கள் லாரிகளின் மேலே நின்று பார்த்தார்கள். இதுக்கு ஒரு பாட்டு போட்டிருந்தா படம் நூறு நாள் ஓடியிருக்கும் என்று ஒருத்தன் சொன்னதற்குச் சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். யசோதரா மேட்டில் ஏறி நின்று பார்த்தாள். தெருக்கள் தெரிந்தன. சந்துகள் தெரிந்தன. தன் வீட்டு வாசல் தெரிந்தது. படிக்கத் தெரிந்தவன் ஒருத்தன் வந்தால் போதும்.

துறையின் காமிராமேன் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் காமிராவை வெளியே எடுத்தார். ஃப்ரேம் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பிக் கையைக் காட்டினார்.

பம்ப் ஹவுஸுக்குப் பின்னாலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. வயலில் பரம்படிக்கிற மாதிரி நீளப் பலகை ஒன்று அதன் பின்னால் கட்டியிருந்தது. கரையின் ஒரு முனையிலிருந்து அது மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தது. பின்னால் மண் பட்டுத்துணி மாதிரி வழவழவென்று ஆனது.

யசோதரா ஓடினாள். “எதுக்கு சார் இது? எப்பவும் அப்படியேதானே எடுப்பீங்க?”

“எப்பவும் அப்படித்தான்க்கா. இப்ப புது சர்க்குலர். திங்கக்கிழமைதான் வந்துச்சு.” சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். “பெருக்கின கோடு ஒண்ணுகூட இருக்கக் கூடாதாம். சமன் பண்ணிட்டுத்தான் எடுக்கணும்.”

தாளை விரித்தாள். எந்தக் கோடு எப்படித் திரும்பும், சதுரம் எப்படித் தெரியும், எதையெல்லாம் அழிக்க வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருந்தது. படங்களோடு. படங்கள் அவள் வரைந்தவை.

தனபாக்கியம் துடைப்பத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள். தாளில் எழுத்துப் பொடிப்பொடியாக இருந்தது.

“அடியில யாரு பேரோ போட்டுகீதே. யாருது?”

டிராக்டர் அவர்கள் வீட்டு வாசலைக் கடந்து போனது.

“என் பேருதான் அத்தை.”

காமிரா ஓடத் தொடங்கியது.